அவதூறுக்கு எழுத்தால் மறுமொழி



2020ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில், தில்லி நிஜாமுத்தீன் மர்கஸைக் காரணம் காட்டி, கொரோனா நோயைப் பரப்பியது ஒரு சமுதாயமே என்று பல தொலைக்காட்சிகள் இரவு பகலாக முழங்கின. அங்கு வந்த வெளிநாட்டினருக்கு இடமளித்ததாக இந்தியர் 70 பேர் மீது தொடரப்பட்ட வழக்குகளைத் தில்லி உயர் நீதிமன்றம் 2025 ஜூலை 17 அன்று ரத்து செய்தது. பழி பரவச் சில நாள்கள் போதுமாயின; அது நீங்க ஐந்து ஆண்டுகள் தேவைப்பட்டன. பழியைக் கேட்ட காதுகள் எல்லாம் தீர்ப்பையும் கேட்டிருக்குமா? இத்தகைய வேளையில் நம் கடமை என்ன என்பதை வரலாற்றிடம் கேட்போம்.

நஜ்ஜாஷியின் அவையில்

மக்காவின் கொடுமை தாளாமல் நபித்தோழர்கள் அபிசீனியாவுக்கு ஹிஜ்ரத் செய்தார்கள். அவர்களைத் திருப்பி அனுப்பக் கோரி, குறைஷிகள் அம்ர் இப்னுல் ஆஸ் உள்ளிட்ட இருவரைப் பரிசுப் பொருள்களுடன் நஜ்ஜாஷி மன்னரிடம் அனுப்பினார்கள். அந்நிய நாடு, கிறிஸ்தவ அரசர், எதிரே அவதூறு சொல்லும் தூதர்கள். அப்போது ஜஅஃபர் இப்னு அபீதாலிப் (ரலி) எழுந்து பேசினார்கள். குறைஷிகளை ஏசவில்லை. தாங்கள் முன்பு இருந்த அறியாமை நிலை, நபியவர்கள் கற்பித்த நல்லொழுக்கம், அதற்காகத் தாங்கள் பட்ட துன்பம், மன்னரிடம் நாடி வந்த நீதி ஆகியவற்றை ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துரைத்தார்கள். மறுநாள், ஈஸா (அலை) அவர்களைப் பற்றி முஸ்லிம்கள் தவறாகப் பேசுகிறார்கள் என்று புதிய குற்றச்சாட்டு எழுந்தது. ஜஅஃபர் (ரலி) அப்போதும் மன்னரை மகிழ்விப்பதற்காக எதையும் மறைக்கவில்லை. நம்பிக்கையை உள்ளபடியே கூறினார்கள். மன்னர் அடைக்கலம் தந்தார். குற்றம் சாட்டிய அம்ர் அவர்களும் பிற்காலத்தில் இஸ்லாத்தைத் தழுவினார்கள். இன்று எதிர்த்துப் பேசுபவரை நாளைய சகோதரராக எண்ணிப் பேச வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

ஸர் ஸையிதின் கடிதங்கள்

1871இல் ஆங்கில அதிகாரி வில்லியம் ஹண்டர், இந்திய முஸல்மான்களைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். மகாராணிக்கு எதிராகக் கலகம் செய்வது அவர்களுக்கு மார்க்கக் கடமையா என்ற வினா அதன் முகப்பிலேயே இருந்தது. காலமோ கொந்தளிப்பானது. அவ்வாண்டு செப்டம்பரில் கல்கத்தாவின் பொறுப்புத் தலைமை நீதிபதி நார்மனும், 1872 பிப்ரவரியில் அந்தமானில் வைஸ்ராய் மேயோவும் கொல்லப்பட்டனர். இருவரையும் கொன்றவர்கள் முஸ்லிம் பெயர் தாங்கியவர்கள். சமுதாயம் முழுவதும் சந்தேகத்திற்கு ஆளான அந்தக் குளிர்காலத்தில், காசியில் நீதித்துறைப் பணியில் இருந்த ஸர் ஸையித் அஹ்மத் கான், அலகாபாத் 'பயனியர்' பத்திரிகைக்குத் தொடர் கடிதங்கள் எழுதினார்.

ஹண்டரின் நல்லெண்ணத்தை அவர் மறுக்கவில்லை, பிழைகளையே மறுத்தார். வங்காளத்தில் கண்டதை இந்தியா முழுமைக்கும் பொருத்தியது எவ்வாறு தவறு என்று எடுத்துக்காட்டினார். நூலின் கூற்றுகளை ஒவ்வொன்றாக எடுத்து, சான்றுடன் விடை தந்தார். 1872இல் அவை நூலாகவும் வெளிவந்தன. ஹண்டரின் நூலை ஆராய்வோர் இன்றும் அம்மறுப்பைத் தேடிப் படிக்கிறார்கள். அன்று அவர் வெறும் கோபத்தோடு நின்றிருந்தால், ஒருதரப்புக் கூற்று மட்டுமே எஞ்சியிருக்கும்.

நம் காலத்தில்

2013 ஜனவரியில் 'விஸ்வரூபம்' திரைப்படம் குறித்து முஸ்லிம் அமைப்புகள் முறையிட்டதும், தமிழக அரசு இரு வாரத் தடை விதித்ததும், வழக்கு உயர் நீதிமன்றம் சென்றதும் நினைவிருக்கும். பிப்ரவரி 2 அன்று அரசின் முன்னிலையில் இரு தரப்பும் அமர்ந்து பேசின. ஏழு காட்சிகளில் சில ஒலிப்பகுதிகளை நீக்க உடன்பாடு ஏற்பட்டது. 7ஆம் தேதி படம் வெளியானது. எந்தக் காட்சி, எந்தச் சொல் என்று குறித்துக் காட்டிய பின்னரே பிணக்கு தீர்ந்தது.

2024 பிப்ரவரி இறுதியில், நீதிபதி ஏ.கே. சிக்ரி தலைமையிலான செய்தி ஒளிபரப்புத் தர ஆணையம், ஒரு குடிமகன் எழுதிய புகார்களின் பேரில், வகுப்புவாத நிகழ்ச்சிகளுக்காக ஒரு தொலைக்காட்சிக்கு ரூ.1 லட்சமும் மற்றொன்றுக்கு ரூ.50,000மும் அபராதம் விதித்தது, மூன்றாவதை எச்சரித்தது, அந்நிகழ்ச்சிகளை இணையத்திலிருந்து ஏழு நாள்களுக்குள் நீக்கவும் ஆணையிட்டது. அபராதம் சிறிதே, எனினும் தவறு தவறென்று பதிவாகிவிட்டது.

எழுதும் முறை

முதலாவது, தீர விசாரித்தல். தீயவன் கொண்டுவரும் செய்தியைத் தெளிவாக்கிக் கொள்ளுமாறு ஹுஜுராத் அத்தியாயத்தின் 6ஆம் வசனம் கட்டளையிடுகிறது. முழுச் செய்தியையும் நாமே படித்த பின்னரே எழுத வேண்டும்.

இரண்டாவது, குறிப்பாக எழுதுதல். நாளிதழ் எனில் தேதி, பக்கம், தலைப்பு. தொலைக்காட்சி எனில் நாள், நேரம், சொல்லப்பட்ட வாசகம். "எப்போதும் எங்களை இழிவுபடுத்துகிறீர்கள்" என்பது புலம்பல்; "இன்ன வரி தவறு, இதோ சான்று" என்பதே புகார்.

மூன்றாவது, முறையறிந்து அனுப்புதல். பத்திரிகையானால் முதலில் ஆசிரியருக்கு. பயனில்லையேல், 1978ஆம் ஆண்டுச் சட்டப்படி இயங்கும் இந்தியப் பத்திரிகைக் கவுன்சிலுக்கு. நாளிதழ், வார இதழ்களுக்கு இரண்டு மாதமே கெடு. செய்தித் தொலைக்காட்சியானால், ஒளிபரப்பாகி ஏழு நாள்களுக்குள் முதலில் அந்நிறுவனத்திற்கே எழுத வேண்டும்.

நான்காவது, கேட்பதைத் தெளிவாகக் கேட்டல். திருத்தமா, மறுப்பா, நீக்கமா என்று சொல்ல வேண்டும். ஃபிர்அவ்னிடமே மென்மையாகப் பேசுமாறு மூஸா (அலை) அவர்களுக்கு அல்லாஹ் கட்டளையிட்டான் எனில், ஒரு செய்தி ஆசிரியரிடம் நாம் கடுஞ்சொல் பேசலாமா?

ஐந்தாவது, நீதி. நம்மவர் செய்த குற்றத்தை உள்ளபடி எழுதுவது அவதூறாகாது. அதை எதிர்த்துப் புகார் எழுதலாகாது. நமக்கே பாதகமாயினும் நீதிக்குச் சாட்சி பகரச் சொல்கிறது நிஸா அத்தியாயத்தின் 135ஆம் வசனம். பிற சமயத்தாரை நம்மவர் இழித்துரைத்தாலும் அதே பேனா எழ வேண்டும்.

அன்பர்களே! நம் திருவொற்றியூரில் துறைமுகத்திலும் ஆலைகளிலும் பல சமயத்தாரோடு தோளோடு தோள் நின்று உழைக்கிறோம். தொலைக்காட்சி சொல்வதை நம் அண்டை வீட்டார் நம்புவார்களானால், வாடகை வீடும் வேலையும் பிள்ளைகளின் நட்பும் பாதிக்கப்படும். ஆதலால் ஒவ்வொரு மஹல்லாவிலும், படித்த பிள்ளைகளில் ஆண் பெண் இருபாலரும் இப்பணியைக் கற்கட்டும். எழுதிய கடிதத்தின் நகலையும் அனுப்பிய ரசீதையும் ஜமாஅத் பாதுகாக்கட்டும். செல்பேசியில் பகிர்ந்த கோபம் மாலைக்குள் மறைந்துவிடும். பதிவேட்டில் ஏறிய எழுத்து நிற்கும்.

உண்மையை உரைக்கும் துணிவையும், அதை அழகாக உரைக்கும் பண்பையும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.