சோதனையில் தேறிய திருத்தம் சரியான திருத்தமா?

மென்பொருள் வழுக்களைத் தானாகத் திருத்தும் கருவிகளில் பெரும்பாலானவை ஒரே அளவுகோலை நம்புகின்றன: தோற்றுக்கொண்டிருந்த சோதனை தேற வேண்டும், ஏற்கெனவே தேறியவை தொடர்ந்து தேற வேண்டும். தோற்ற திருத்தத்தைத் தள்ள இது போதும். தேறியதைச் சரியென்று ஏற்கப் போதாது. தள்ளுவதும் ஏற்பதும் வெவ்வேறு வகைச் சான்றுகளைக் கோருபவை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இத்துறையின் முன்னோடிக் கருவியான ஜென்புரோக், 105 வழுக்களில் 55-ஐத் திருத்தியதாக 2012-இல் அதன் ஆய்வாளர்கள் அறிவித்தனர். எம்ஐடி ஆய்வாளர்கள் 2015-இல் அத்திருத்தங்களை மறுபரிசீலனை செய்தபோது, 2 வழுக்களுக்கு மட்டுமே சரியான திருத்தம் கிடைத்திருந்தது. சில சோதனைகள் நிரலின் வெளியீட்டைப் பார்க்காமல், அது முடியும்போது தரும் குறியெண்ணை மட்டும் பார்த்திருந்தன. ஏற்கப்பட்ட திருத்தங்களில் பெரும்பான்மையானவை, நிரலின் ஏதோவொரு செயற்பாட்டை நீக்கியதற்குச் சமமாக இருந்தன.

சோதனைக்கு மட்டும் பொருந்தி நோக்கத்துக்குப் பொருந்தாத இத்தகைய திருத்தம் எப்படி உருவாகிறது? ஜாவா நூலகத்தின் இருகூறுத் தேடலில் நெடுங்காலம் இருந்து, 2006-இல் நிரலாளர் ஜோஷுவா பிளாக் வெளிப்படுத்திய வழுவை எடுத்துக்கொள்வோம். கீழெல்லையையும் மேலெல்லையையும் கூட்டி இரண்டால் வகுத்து நடுவிடம் கண்டறியப்பட்டது. அணியில் ஏறத்தாழ 107 கோடி உறுப்புகள் சேர்ந்துவிட்டால், கூட்டுத்தொகை குறியுள்ள 32 பிட் எண்ணுக்குள் அடங்காமல் எதிர்மமாகிவிடலாம். நிரல் பிழையெறிந்து நின்றுவிடும். 'நிரல் நிற்கக்கூடாது' என்று மட்டும் சோதித்தால், கூட்டுத்தொகை எதிர்மமானதும் 'தேடியது இல்லை' என்று திருப்பி அனுப்பும் திருத்தமும் தேறிவிடும். முன்பு நின்றுபோன நிரல், இப்போது நிற்காமல் பொய் சொல்லும்.

இதே வழு, கருவியின் திருத்தத்தை மூல நிரலாளரின் திருத்தத்தோடு ஒப்பிட்டு மதிப்பிடும் முறையின் குறையையும் காட்டுகிறது. எல்லைகளின் வேறுபாட்டைப் பாதியாக்கிக் கீழெல்லையோடு கூட்டலாம். அல்லது தொகையைக் குறியற்ற எண்ணாகக் கொண்டு வலப்புறம் ஒரு பிட் நகர்த்தலாம். எழுத்தில் வேறான இவ்விரண்டும் இங்கே ஒரே விடை தருகின்றன. எழுத்தொப்புமையை வைத்துத் தீர்ப்பளித்தால் ஒன்று அநியாயமாகத் தள்ளப்படும்.

சோதனைகளைத் தானாகப் பெருக்கினால் நிலை மேம்படும். 2018-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, அவ்வாறு பெருக்கிய சோதனைகளில் திருத்தத்துக்கு முன்னும் பின்னும் நிரல் இயங்கும் போக்கை ஒப்பிட்டு, தான் எடுத்துக்கொண்ட 139 திருத்தங்களுள் தவறானவற்றில் 56.3 விழுக்காட்டை வடிகட்டியது. சரியானது எதையும் தள்ளவில்லை. ஆனால் வடிகட்டியில் சிக்காதது சரியென்று ஆகாது. எஞ்சியவற்றை மனிதர் படித்துத் தீர்மானிக்கலாம் என்றால், திருத்தத்தை உருவாக்கியவரே நடுவராகும்போது சார்பு நுழையும்; வெளியாருக்கோ அந்நிரலின் நோக்கம் முழுதும் தெரியாது.

எந்த நிரலின் நடத்தையையும் பொதுவாகத் தீர்மானித்துச் சொல்லும் வழிமுறை இருக்க முடியாதென்பது 1953-இல் கணிதவியலாளர் ரைஸ் வெளியிட்ட தேற்றத்தின் விளைவு. ஆகவே முழுத் தானியங்கித் தீர்ப்பை எதிர்பார்ப்பது வீண். அதற்காக மதிப்பீட்டைக் கைவிட வேண்டியதில்லை. தவறென்று சொல்பவர், திருத்தம் பிசகும் ஓர் உள்ளீட்டைக் காட்டட்டும். அதை எவரும் இயக்கிப் பார்க்கலாம். சரியென்று சொல்பவர், எந்த விவரக்குறிப்புக்கு, எந்த உள்ளீட்டு எல்லைக்குள் சரி என்பதைச் சொல்லட்டும். இரண்டும் இயலாதபோது 'தீர்மானிக்கப்படவில்லை' என்ற மூன்றாம் பிரிவில் வைக்கட்டும். வெற்றி எண்ணிக்கை இதனால் குறையும். மிஞ்சும் எண்ணை நம்பி ஒரு பொறியாளர் திருத்தத்தை உற்பத்தி நிரலில் சேர்க்கலாம்.