செய்தி

‘செய்’ என்னும் வினையிலிருந்து பிறந்த சொல் செய்தி. செய்த செயல் என்பதே அதன் வேர்ப்பொருள். புறநானூற்றின் 34ஆம் பாட்டில் அது ஒருவர் நமக்குச் செய்த நன்மையைக் குறிக்கிறது. நடந்ததைச் சொல்வது என்ற பொருள் பின்னர் வேரூன்றியது. ‘என்ன சேதி?’ என்று ஊரில் கேட்பதும் இச்சொல்தான். ஆங்கில ‘நியூஸ்’ புதுமையைக் கேட்கிறது. நம் சொல் நடந்ததா என்று கேட்கிறது. எனக்கு இந்த வேறுபாடு மிக முக்கியம். செய்திக்கு எதிர்ப்பக்கம் நிற்கும் வதந்தி வடசொல், ‘சொல்கிறார்கள்’ என்பதே அதன் பொருள்.

இரண்டுக்கும் உள்ள தூரத்தை ஒரு நிகழ்ச்சி காட்டும். 2020 அக்டோபரில் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் மண் அள்ளியபோது பெரிய உருண்டைகள் வெளிப்பட்டன. ‘டைனோசர் முட்டை’ என்ற பேச்சு தமிழ்நாடு முழுக்கப் பரவியது. 2009இல் அரியலூர் மாவட்டம் செந்துறைப் பக்கம் டைனோசர் முட்டைகள் கிடைத்ததாக அறிவிக்கப்பட்டிருந்ததால் நம்பவும் எளிதாயிற்று. புவியியலாளர்கள் வந்து பார்த்து, அவை முட்டையல்ல, அம்மோனைட் சார்ந்த கடற்படிவ உருண்டைகள் என்றனர். அம்மோனைட், கணவாய்க்கு உறவான ஓட்டுயிர், சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் அற்றுப்போனது.

‘உருண்டைக் கல்’ என்று முதலில் எழுதியிருந்தால் யார் திரும்பிப் பார்த்திருப்பார்கள்? ‘முட்டை’ என்ற ஒரு சொல் கூட்டத்தைக் கூட்டியது. ஆனால் இந்த வறண்ட கரிசலில் ஒரு காலத்தில் கடல் கிடந்தது என்பதுதான் அங்கே நடந்தது. அதுவே செய்தி. அருகில் சாத்தனூரில் கல்லாகிக் கிடக்கும் மரத்தைக் ‘கல்மரம்’ என்கிறோம். அந்தப் பெயரில் மிகை ஏதுமில்லை.