பதக்கப் பட்டியலும் தசமப் புள்ளியும்: தொடக்கக் கணிதத்தில் ஒலிம்பிக் தரவுகள்

ஒலிம்பிக் வந்துவிட்டால் நாடுகள் பெற்ற பதக்கங்களைப் பட்டை வரைபடமாக வரையச் சொல்வது தொடக்கப் பள்ளிகளில் எளிதாகக் கிடைக்கும் செயல்பாடு. சுவர் நிறையும், கணிதம் அவ்வளவாக நடக்காது. எந்தப் பட்டை உயரம் என்று சொல்ல ஒன்றாம் வகுப்புக் குழந்தைக்கே தெரியும். பன்னாட்டுப் போட்டிகளின் தரவுகள் இடமதிப்பைக் கற்பிக்கவே மிகவும் ஏற்றவை என்பது இக்கட்டுரையின் வாதம்.

பாரிஸ் 2024இல் ஒரு வெள்ளி, ஐந்து வெண்கலம் என ஆறு பதக்கம் பெற்ற இந்தியாவுக்கு 71ஆம் இடம். ஈட்டி எறிதலில் அர்ஷத் நதீம் வென்ற ஒரே தங்கத்தோடு பாகிஸ்தான் அதற்கு மேலே இருந்தது. ஆறை ஒன்று எப்படி முந்தும் என்று குழந்தைகள் கேட்பது நியாயமே. தங்கம், வெள்ளி, வெண்கலம் என்ற வரிசையில் 1-0-0, 0-1-5 என எழுதினால் விடை தெரிந்துவிடும்: 100ஐயும் 15ஐயும் ஒப்பிடும் அதே முறைதான். இடக்கோடி இலக்கம் சமமானால் மட்டுமே அடுத்ததைப் பார்க்கிறோம். அமெரிக்காவும் சீனாவும் தலா 40 தங்கம் பெற்றபோது, 44க்கு 27 என்ற வெள்ளிக் கணக்கே முதலிடத்தைத் தீர்மானித்தது.

இந்த ஒப்புமை ஓரிடத்தில் உடைகிறது. பாடம் அங்கேதான் சூடுபிடிக்கும். பத்து ஒன்றுகள் ஒரு பத்தாகும். பத்து வெள்ளி ஒரு தங்கமாகாது. ஏன் ஆகாது என்று வாதாடும் குழந்தைக்கு, இனமாற்றிக் கூட்டுவது வெறும் சடங்காகத் தோன்றாது. (மொத்தப் பதக்கத்தை வைத்து வரிசைப்படுத்தும் அமெரிக்க ஊடகங்களும் உண்டு. அந்தக் கணக்கில் இந்தியா பாகிஸ்தானை முந்திவிடும்!)

தசமத்தில் பயன் இன்னும் கூடுதல். பாரிஸ் ஆண்கள் 100 மீட்டர் இறுதியில் நோவா லைல்ஸ், கிஷேன் தாம்ஸன் இருவருக்கும் 9.79 விநாடி. ஆயிரத்தில் ஒன்று வரை பார்த்தபோது 9.784, 9.789, தங்கம் லைல்ஸுக்கு. மூன்றாவதாக வந்த ஃபிரெட் கெர்லியின் நேரம் 9.81. புள்ளிக்குப் பின்னுள்ளதை முழு எண்ணாகப் படித்து, 784 என்பது 81ஐ விடப் பெரிது, ஆகவே 9.784தான் பெரிது என்று கொள்வது கணிதக் கல்வி ஆய்வுகள் நன்கறிந்த பிழை. அப்படியானால் கெர்லியல்லவா லைல்ஸை முந்தியிருக்க வேண்டும்? ஓட்டத்தின் காணொளியைப் பார்த்த மாணவர் அதை ஏற்கமாட்டார். ஆசிரியர் சிவப்பு மையால் திருத்தும் முன்பே போட்டி முடிவு திருத்திவிடுகிறது.

இலக்கம் எவ்வளவு சிறியது என்பதையும் கையில் பிடித்துக் காட்டலாம். 1984 லாஸ் ஏஞ்சல்ஸில் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் பி.டி. உஷா 55.42 விநாடியில் நான்காவதாக வந்தார், வெண்கலம் 55.41க்குப் போனது. 400ஐ 55ஆல் வகுத்தால் விநாடிக்கு ஏறத்தாழ 7 மீட்டர். நூறில் ஒரு விநாடிக்கு 7 சென்டிமீட்டர். அளவுகோல் வைத்துக் கோடு போட்டால் ஒரு விரல் நீளம். வேகம் ஓட்டம் முழுவதும் சீராக இருக்காது என்ற ஆட்சேபம் சரியே. ஐந்தாம் வகுப்புக்கு இந்தத் தோராயம் போதும்.

அடுத்து மைதானத்துக்குப் போகலாம். ஒரே ஓட்டத்தை நான்கு மாணவர்கள் கைபேசியில் அளந்தால், நூறில் ஒன்றாம் இடத்து இலக்கம் நால்வருக்கும் ஒத்துப்போவது அரிது. எந்த இலக்கம் வரை நம்பி எழுதுவது என்பதை அவர்களே பேசி முடிவு செய்ய வேண்டியிருக்கும்.