கோவிவனும் பக்கத்து வீட்டு மணியும்

செங்கத்தை அடுத்த எடுத்தனூரில் ஒரு நடுகல் உள்ளது. முதலாம் மகேந்திரவர்ம பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டில் நாட்டப்பட்டது. அதாவது ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. எருமை மந்தையைக் காக்கும் பூசலில் உயிர்துறந்த கருந்தேவக்கத்தி என்னும் வீரனுக்காக எடுக்கப்பட்ட கல் அது. தமிழகத்தின் வடமேற்குப் பகுதியில் இத்தகைய நடுகற்கள் ஏராளம். எனினும் இந்தக் கல்லுக்கு ஒரு தனிச்சிறப்பு உண்டு. வீரனோடு ஒரு நாயும் இதில் செதுக்கப்பட்டிருக்கிறது. அந்த நாய்க்கென்றே தனியாக ஒரு வாசகமும் பொறிக்கப்பட்டிருக்கிறது. கோவிவன் என்னும் பெயருடைய நாய் கள்வரைக் கடித்துக் காவல் நின்றது என்பது அதன் கருத்து.

கரந்தைத் திணையைப் பாடம் நடத்தும் ஒவ்வோர் ஆண்டும் இந்தக் கோவிவனைப் பற்றி மாணவர்களிடம் சொல்வது என் வழக்கம். மன்னர்களின் பெயர்களே பல மறைந்துபோன மண்ணில் ஒரு நாயின் பெயர் ஆயிரத்து நானூறு ஆண்டுகள் நிலைத்திருக்கிறதே என்று வியந்து முடிப்பேன். அந்த வியப்புக்கு அடியில் ஒரு கேள்வி கிடந்தது என்பதைச் சென்ற ஆண்டுதான் உணர்ந்தேன். உணர்த்தியது என் பக்கத்து வீட்டு நாய். அதன் பெயர் மணி.

போச்சம்பள்ளியை அறியாத வாசகர்களுக்குச் சில சொற்கள். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஒரு வட்டத் தலைநகர். ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்குப் பெயர்பெற்ற ஊர். ஒருபுறம் பாரூர் ஏரிப் பாசனம், மறுபுறம் மாந்தோப்புகள். ஊத்தங்கரை வழியாகத் தென்கிழக்கே சென்றால் செங்கத்து நடுகற்களின் நாடு. வடக்கே கிருஷ்ணகிரி, ஓசூர் கடந்தால் கன்னட நாடு. சிப்காட் தொழிற்பேட்டை வந்தபின் ஊரின் முகம் மாறியது. 2021இல் மின்சார ஸ்கூட்டர் ஆலையும் சேர்ந்துகொண்டது. தோப்புகள் மனைகளாயின. எங்கள் தெருவும் அப்படிப் பிறந்ததுதான். மாடிகளில் வாடகைக்குக் குடியிருப்போரில் பாதிப்பேர் ஆலைகளில் ஷிப்ட் வேலை பார்க்கும் இளம்பெண்கள். இரவு பதினொன்றரைக்கு வேன் சாலை முனையில் இறக்கிவிடும். அங்கிருந்து நடை.

பக்கத்து வீட்டுக்காரர் தோப்பு விற்று வீடு கட்டியவர். என்னைவிட மூத்தவர், நான் அண்ணா என்பேன், அவர் என்னை வாத்தியாரே என்பார். மணி அவருடைய தோப்பில் காய்க்காலக் காவலுக்கு வளர்ந்தது. தோப்பு போனபின் தெருவுக்கு வந்தது. பகலில் திண்ணையில் படுத்திருக்கும். இரவில் அவிழ்த்துவிடப்படும். தெரு முழுவதும் அதற்குத் தோப்புதான். பழகிய எங்களை விட்டுவிடும். நள்ளிரவில் நடந்துவரும் பெண்களை விரட்டும். யாராவது அலறினால் மாடியிலிருந்து ஒரு குரல் வரும்: “ஒண்ணும் பண்ணாதும்மா, சும்மா கொரைக்கும்.” அலறலையும் இந்தப் பதிலையும் என் அறையிலிருந்து எத்தனையோ இரவுகள் கேட்டிருக்கிறேன். விளக்கை அணைத்துவிட்டுப் படுத்திருக்கிறேன்.

புரட்டாசியில் ஒருநாள் அது ஒரு பெண்ணின் கெண்டைக்காலைக் கவ்விக் கிழித்தது.

மறுநாள் தெருவில் இரண்டு பேச்சுகள் எழுந்தன. நாய் என்றால் கடிக்கத்தான் செய்யும் என்றார் ஒருவர். கறித்துண்டில் மருந்து வைத்துவிட்டால் முடிந்தது என்று தாழ்ந்த குரலில் சொன்னார் இன்னொருவர். இரண்டிலும் நாய் மட்டுமே இருந்தது. நாயை வளர்த்தவர் இல்லை. அன்றுதான் கோவிவனை மறுபடியும் நினைத்தேன்.

கோவிவன் கடித்தது கள்வரை. மந்தை அதன் தலைவனுடையது, எல்லை தெளிவானது, வந்தவர் பகைவர். அந்த நாய்க்குக் கல்லில் இடம் கிடைத்தது கடித்ததனால் மட்டுமன்று, யாருக்காக, எதைக் காத்துக் கடித்தது என்பதனாலும்தான். அதனாலேயே அது தனிக்கல்லில் இல்லை, தலைவனின் கல்லில் இருக்கிறது. ஓசூருக்கு அப்பாலும் இதற்கு ஒரு சான்று உண்டு. மண்டியா மாவட்டத்து ஆதக்கூரில் கிடைத்து, இப்போது பெங்களூர் அரசு அருங்காட்சியகத்தில் இருக்கும் கல்வெட்டு, தக்கோலப் போரை ஒட்டிய 949-950ஆம் ஆண்டினது. சோழ இளவரசன் இராசாதித்தன் வீழ்ந்ததைச் சொல்லும் அதே கல், காளி என்னும் வேட்டைநாய் காட்டுப்பன்றியோடு பொருது, இரண்டும் மாண்டதையும் சொல்கிறது. மணலேரன் என்னும் வீரன் போரில் காட்டிய ஆற்றலுக்குப் பரிசாகக் கேட்டுப் பெற்ற நாய் அது. அதற்காகக் கோயில் முன் கல் நாட்டினான், நிலமும் விட்டான். அந்தக் கல்லுக்குப் பூசை செய்யாமல் உண்ணும் பூசகனுக்குப் பாவம் என்றும் எழுதிவைத்தான். நாயின் புகழைத் தன் புகழோடு சேர்த்துக்கொண்டவன், அதற்கான செலவையும் ஏற்றான்.

புகழில் பங்கு கொள்பவன் பழியிலும் பங்கு கொள்ள வேண்டாமா? நடுகற்கள் இதற்கு விடை சொல்வதில்லை. அவை வெற்றியை மட்டுமே பேசுபவை. விடையை நீதிநூல்களில் தேடவேண்டும்.

அர்த்தசாத்திரத்தின் நான்காம் அதிகரணத்தில் ஒரு விதி வருகிறது. கொம்புள்ள விலங்கோ கோரைப்பல் உள்ள விலங்கோ ஒருவரைத் தாக்கும்போது, அதன் உடைமையாளன் அவரை விடுவிக்காவிட்டால் அவனுக்குத் தண்டம். தாக்கப்பட்டவர் கூவி அழைத்தும் விடுவிக்காவிட்டால் தண்டம் இருமடங்கு. யாக்ஞவல்கிய ஸ்மிருதியிலும் இதே விதி உண்டு. விடுவிக்கும் ஆற்றல் இருந்தும் வாளாவிருந்தவன் என்று அது மேலும் தெளிவாக்குகிறது. இந்நூல்களின் விதிகள் எடுத்தனூரில் நடைமுறையில் இருந்தன என்று நான் வாதிட வரவில்லை. அந்த இருமடங்குதான் என் கருத்தைக் கவர்ந்தது. விலங்கு ஒன்றே, காயமும் ஒன்றாக இருக்கலாம். கூவல் ஒன்றே குற்றத்தை இரட்டிப்பாக்குகிறது. கூவல் எழுந்தபின் ‘எனக்குத் தெரியாது’ என்று சொல்ல வழியில்லை அல்லவா?

ஆங்கிலேயப் பொதுச்சட்டமும் வேறொரு வழியில் இதே இடத்துக்குத்தான் வந்தது. வளர்ப்பு விலங்கு முரட்டுக் குணமுடையது என்பது உடைமையாளருக்கு முன்னரே தெரிந்திருந்ததா என்பதே அங்கே கேள்வி. எனவே நாய்க்கு முதல் கடி இலவசம் என்று வேடிக்கையாகச் சொல்வார்கள். இந்தியாவுக்கு 1860இல் இயற்றப்பட்ட தண்டனைச் சட்டம் இன்னும் ஓரடி முன்னே வைத்தது. அதன் 289ஆம் பிரிவு, தெரிந்தோ கவனக்குறைவாலோ தன் விலங்கினால் மனித உயிருக்கு நேரக்கூடிய ஆபத்தையோ கொடுங்காயத்தையோ தடுக்கத் தவறுவதைக் குற்றமாக்கியது: ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 2024 ஜூலை 1 முதல் அந்த இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதாவின் 291ஆம் பிரிவு நிற்கிறது; அபராதத்தின் உச்சம் ஐயாயிரம் ஆகியிருக்கிறது. இவை தவிர, ஆபத்தான விலங்கை அடைத்துவைக்கும்படி நிர்வாக நடுவர் ஆணையிடவும் வழி உண்டு. முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133ஆம் பிரிவு. இன்று புதிய நடைமுறைச் சட்டத்தின் 152ஆம் பிரிவு.

மருந்து வைக்கலாம் என்றவருக்கும் சட்டத்தில் பதில் உண்டு. 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி அது குற்றம். அதே சட்டத்தின் 11ஆம் பிரிவு, நாயை எந்நேரமும் கட்டியே வைத்து உலவவிடாதிருப்பதையும் வதை என்கிறது. ஆக, சட்டம் கேட்பது சங்கிலியை அன்று, ஓர் எல்லையை. தோப்பில் மணிக்கு அது வேலியாக இருந்தது. தெருவில் யாரும் அதற்கு எல்லை வகுக்கவில்லை.

கடியின் விலை என்ன என்பதையும் நாம் மறந்துவருகிறோம். நாய்க்கடி மருத்துவத்துக்கு இந்தியாவின் முதல் பாஸ்டர் நிலையம் 1900இல் கசௌலியில் தொடங்கியது. தென்னாட்டில் கடிபட்டவர் இமயமலை அடிவாரம் வரை போகவேண்டும். 1902இல் நீலகிரியில் ஓர் ஆங்கிலப் பெண் வெறிநாய்க்கடியால் இறந்தது பெரும் துயராகப் பேசப்பட்டது. அதன்பின் திரட்டப்பட்ட நிதியும் அமெரிக்கச் செல்வர் ஹென்றி ஃபிப்ஸின் கொடையும் சேர்ந்து 1907இல் குன்னூரில் பாஸ்டர் நிலையம் திறக்கப்பட்டது. அதற்கு முன் பெயரின்றி இறந்தவர்களுக்கு நடுகல் ஏதும் இல்லை. தொப்புளைச் சுற்றிப் போடும் ஊசிகளை என் தலைமுறை அச்சத்தோடு நினைவில் வைத்திருக்கிறது. அந்த நரம்புத்திசுத் தடுப்பூசியின் உற்பத்தி 2004இன் இறுதியில்தான் இந்தியாவில் நின்றது. இன்று கையில் போடும் சில ஊசிகளே போதும். ஆனால் கடித்தவுடன் சோப்பும் நீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவவேண்டும், தாமதமின்றி மருத்துவமனை செல்லவேண்டும், ஊசிகளை நாள் தவறாமல் முடிக்கவேண்டும். நோயின் அறிகுறி தோன்றியபின் ஏறக்குறைய மீட்பே இல்லை.

அந்தப் பெண் ஊசிக்குப் போன ஒவ்வொரு நாளும் ஒரு ஷிப்ட் இழந்தாள். அவள் வாய்திறந்து எதுவும் கேட்கவில்லை. வாடகைக்கு இருப்பவள், ஊர் வேறு. கேட்கவேண்டியவர்கள் சொந்தவீட்டுக்காரர்களாகிய நாங்கள். பழைய விதி கூவலை எழுப்பும் பொறுப்பைக் கடிபட்டவரிடமே விட்டிருந்தது. அவர் கூவியும் தெரு கேளாததுபோல் இருந்தால் என்ன செய்வது என்று அது சொல்லவில்லை. நான் அந்தத் தெருவில் ஒருவன்.

பத்து நாள் கழித்து ஒரு தாளில் எழுதினேன். எந்தெந்த நாளில் நாய் விரட்டியது, எந்த நாளில் கடித்தது, என்ன செய்யவேண்டுகிறோம் என்பவை மட்டும். இரவில் நாய் சுற்றுச்சுவருக்குள் இருக்கவேண்டும். வெறிநாய்த் தடுப்பூசி போட்டு அட்டை காட்டவேண்டும். மருத்துவச் செலவையும் இழந்த கூலியையும் கொடுக்கவேண்டும். ஐந்து வீட்டார் கையெழுத்திட்டோம். நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். படித்துவிட்டு, “நேர்ல ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே வாத்தியாரே” என்றார். சொல்லியிருக்கலாம்தான். “ஆமாண்ணா, முன்னாடியே சொல்லியிருக்கணும்” என்றேன். அதற்குமேல் இருவரும் பேசவில்லை.

தை பிறக்குமுன் அவர் வீட்டுக்கு இரும்புக்கதவு வந்தது. மணி இப்போது இரவில் உள்ளே உலவுகிறது, குரைப்பு குறையவில்லை. ஊசி போட்ட அட்டையைத் தாமாகவே கொண்டுவந்து காட்டினார். பணத்தைப் பாதி கொடுத்தார். மீதியை நாங்கள் போட்டோம். என்னோடு பேச்சு முன்போல் இல்லை. ஆனால் சந்தையில் கண்டால் தலையசைக்கிறார்.

இந்த ஆண்டும் கரந்தைத் திணை வந்தது; கோவிவனைப் பற்றிச் சொன்னேன். கருந்தேவக்கத்தியைப் பற்றி வழக்கத்தைவிடச் சற்று அதிகமாகச் சொன்னேன். அந்தப் பெண் இன்னும் எங்கள் தெரு மாடியில்தான் இருக்கிறாள். வேன் இறக்கிவிட்டபின் நேரே வராமல், அடுத்த தெருவைச் சுற்றிக்கொண்டுதான் வருகிறாள்.