சதுரங்க ஆட்டக்காரரின் தகுதிகள்

நல்ல சதுரங்க ஆட்டக்காரருக்குக் கணக்கிடும் திறன் மட்டும் போதாது. சிங்கப்பூரின் செந்தோசாத் தீவில் 2024 நவம்பர் 25 முதல் டிசம்பர் 12 வரை நடந்த உலகப் பட்டப் போட்டியே இதற்குச் சிறந்த சான்று. சென்னையின் குகேஷ் முதல் ஆட்டத்திலேயே சீனாவின் டிங் லிரனிடம் தோற்றார். 3ஆம் ஆட்டத்தில் மீண்டார். 13 ஆட்டங்களின் முடிவில் இருவரும் சமநிலை. கடைசி ஆட்டத்தில் கறுப்புக் காய்களுடன் ஆடிய குகேஷுக்கு ஒரு சிப்பாய் மட்டுமே கூடுதல். பலரும் டிராவையே எதிர்பார்த்தனர். அவரோ நெருக்குதலை விடவில்லை. 55ஆம் நகர்த்தலில் டிங் கோட்டையை மாற்றிக்கொள்ள முன்வந்தது பெரும்பிழை. கோட்டைகளோடு மந்திரிகளும் வெட்டுப்பட்டால், எஞ்சும் சிப்பாய் ஆட்டம் வெள்ளைக்குத் தோல்விதான். சமநிலை ஆட்டத்தையும் சலிக்காமல் நீட்டிக்கும் இந்தப் பொறுமையே தலையாய தகுதி. 7.5–6.5 என வென்றபோது குகேஷுக்கு வயது 18.