காலகேயர்: ஓர் அசுர இனம் மொழி பெற்ற கதை

மகாபாரதத்தின் வனபர்வத்தில் காலகேயர் இருமுறை அழிகிறார்கள். 2015-இல் வெளிவந்த 'பாகுபலி' படத்தில் மூன்றாம் முறையாக அழிகிறார்கள். முதல் இரண்டு அழிவுகளுக்கும் மூன்றாவதற்கும் இடையில் இக்கற்பனை இனத்தின் உடலும் பண்பாடும் எப்படி மாற்றி எழுதப்பட்டன என்பதைப் பற்றியே இப்பதிவு.

பெயரிலிருந்து தொடங்கலாம். குந்தியின் மகன் கௌந்தேயன், வினதையின் மகன் வைனதேயன் என்பதுபோல, காலகை என்னும் தாயின் மக்கள் காலகேயர். தாய்ப்பெயரில் கருமைப் பொருள் ஒளிந்திருக்கலாம். ஆனால் சொல்லின் இலக்கணம் சுட்டுவது நிறத்தை அன்று, தாய்வழியை. அத்தாய் தவமிருந்து தன் மக்களுக்காக வரம் பெறுகிறாள். அவர்கள் வாழ்வது வானில் மிதக்கும் இரணியபுரத்தில். அதை அர்ச்சுனன் அழிக்கிறான். மற்றொரு கதையில், விருத்திரன் மாண்டபின் அவர்கள் கடலடியில் கூடி ஆலோசிக்கிறார்கள். உலகம் தவத்தால் நிற்கிறது, ஆகவே தவமும் கல்வியும் உடையோரை முதலில் கொல்லவேண்டும் என்று முடிவெடுக்கிறார்கள். கொடிய திட்டம்தான், ஆனால் எதிரியின் உலகத்தை நன்கு படித்தவர்களின் திட்டம். அகத்தியர் கடலைக் குடித்தபின் வெட்டுண்டு கிடக்கும் அவர்கள் உடல்களிலும் பொன்னணிகளும் குண்டலங்களும் மின்னுவதைக் காவியம் மறைக்கவில்லை. அவர்கள் பேச்சு தேவர்களுக்குப் புரியாத வேற்றுமொழி என்ற குறிப்பும் இக்கதைகளில் இல்லை.

படத்தின் காலகேயரிடம் பொன்னும் நகரமும் இல்லை. கருமை பூசிய முகம், சிக்குப் பிடித்த முடி, போர்வெறி. இவ்வளவே அவர்களது அடையாளம். அவர்கள் எங்கே வாழ்கிறார்கள், என்ன உண்கிறார்கள், யாரை வணங்குகிறார்கள் என்பவை சொல்லப்படுவதில்லை. பறிக்கப்பட்ட அத்தனைக்கும் ஈடாக ஒன்று மட்டும் தரப்பட்டது: மொழி.

மதன் கார்க்கி உருவாக்கிய கிளிக்கி, மொழியியல் மாணவி என்ற முறையில் எனக்கு மிகவும் பிடித்த ஆக்கம். 'மின்' என்றால் நான். ஒலிகளைத் திருப்பிப் போட்டால் 'நிம்', அதாவது நீ. எதிர்ச்சொல்லை ஒலித் திருப்பத்தால் ஆக்கும் இத்தகைய விதிகள் குழந்தைகளுக்கும் எளிதில் பிடிபடும். 2020-இல் எழுத்து வடிவத்தோடு அது பொதுமக்களிடமும் வந்தது. (காலகேயரின் கடலை வற்றச் செய்த அகத்தியரைத் தமிழ் மரபு இலக்கண ஆசானாகக் கொண்டாடுகிறது. அவர்களுக்கு இலக்கணம் செய்து கொடுத்தவரும் தமிழரே.)

என் தயக்கம் இலக்கணத்தில் இல்லை, ஒலியில் இருக்கிறது. கிளிக்கியை அயலாகக் காட்டுபவை நாக்கைச் சொடுக்கும் ஒலிகள். நாவின் பின்பகுதியும் முன்பகுதியும் மேலே ஒட்டிக்கொள்ள, இடையில் சிறைப்பட்ட காற்று உள்ளிழுப்பாக விடுபடும்போது பிறப்பவை அவை. இரக்கப்பட்டு உச்சுக் கொட்டும்போது நாமும் அதையே செய்கிறோம். ஆனால் நமக்கு அது சொல்லின் உறுப்பு அன்று. கோய்சான் மொழிகளில் அவை முழுமையான மெய்யெழுத்துகள். அம்மொழிகளோடு கொண்ட உறவால் சூலு, கோசா முதலிய பாண்டு மொழிகளிலும் அவை குடியேறின. படத்தின் காலகேயர் தலைவன் பெயர் இன்கோஷி. சூலுவில் அரசனுக்கும் குடித்தலைவனுக்கும் உரிய சொல் 'இன்கோசி'. தற்செயலா, தேர்வா என்பது என் வாதத்துக்குத் தேவையில்லை. கருநிறம், காட்டுமிராண்டித்தனம், சொடுக்கொலி மூன்றும் ஒரே உடலில் பூட்டப்படும்போது, பார்வையாளர் மனத்தில் அவை ஒன்றுக்கொன்று சான்றாகிவிடுகின்றன. அசுரனுக்கு உரியதாகக் காட்டப்படும் அவ்வொலியில் இன்றும் தாய்மார்கள் பிள்ளைகளை அழைக்கிறார்கள்.

முதுகலை படித்தபோது எங்கள் உணவுக்கூடத்தில் தென்னாப்பிரிக்க மாணவர் ஒருவர் தட்டேந்தி வந்தால், ஏதோ ஒரு மேசையிலிருந்து 'டொக்' என்று நாக்கொலி எழும், பிறகு சிரிப்பு. நானும் ஒருமுறை சிரித்திருக்கிறேன். ஒருநாள் அவர் அம்மேசையிலேயே வந்து அமர்ந்து, தம் தாய்மொழியின் பெயரை மெதுவாகச் சொன்னார். நாம் 'கோசா' என்று எழுதும் அப்பெயரின் முதல் மெய்யே கடைவாய்ப்புறத்தில் விடுபடும் ஒரு சொடுக்கொலி. எங்களையும் சொல்லச் சொன்னார். ஒலியியல் தாளில் அதற்கான குறியீட்டைச் சரியாக எழுதி மதிப்பெண் வாங்கியிருந்த என்னாலும், அடுத்த உயிரெழுத்தோடு அதைச் சேர்த்துச் சொல்ல முடியவில்லை.