பக்கவாதத்திற்குப் பின் சமூக வாழ்வுக்குத் திரும்புதல்

பக்கவாதம் வந்து பிழைத்த ஒருவர், தாம் முன்பு புழங்கிய உறவு, நட்பு, வேலை, வழிபாடு, விசேஷ வீடுகள் ஆகியவற்றில் மீண்டும் இடம்பெறுவது மறுவாழ்வு சிகிச்சையின் கடைசிக் கட்டம். பெரும்பாலும் கைவிடப்படும் கட்டமும் அதுதான். நடை வந்துவிட்டால் ஆள் தேறிவிட்டார் என்று வீடும் ஊரும் முடிவு செய்துவிடுகின்றன. உலக சுகாதார நிறுவனம் 2001இல் ஏற்றுக்கொண்ட வகைப்பாடு, உடலுறுப்புகளின் செயல்பாட்டோடு, ஒருவர் வாழ்க்கையில் எந்த அளவுக்குப் பங்கேற்கிறார் என்பதையும் கணக்கில் எடுக்கச் சொல்கிறது.

கை கால் பலவீனம் எல்லோர் கண்ணுக்கும் தெரியும். ஆளை வீட்டுக்குள் முடக்குபவை பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாதவை. ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குப் பேச்சிழப்பு ஏற்படுகிறது. பெரும்பாலோருக்கு, உடலின் வலப்பக்கத்தை இயக்கும் மூளையின் இடப்பக்கத்திலேயே மொழிக்குரிய பகுதியும் இருப்பதால், அங்கே பாதிப்பு வந்தால் வலக்கை வலக்காலோடு பேச்சும் பல நேரம் சேர்ந்து போகிறது. சொல்ல நினைப்பது மனத்தில் இருக்கும், சொல் மட்டும் வாய்க்கு வராது. ஏறக்குறைய அதே அளவினரை மனச்சோர்வு பிடிக்கிறது. அது சிகிச்சையில் குணமாகக் கூடியது. தூங்கி எழுந்தாலும் தீராத அசதி, காரணமின்றிப் பொங்கும் அழுகை அல்லது சிரிப்பு, சிறுநீரை அடக்க முடியாத பயம், நாலு பேர் ஒரே நேரத்தில் பேசினால் எதையும் பிடித்துக்கொள்ள முடியாத திணறல் ஆகியவையும் உண்டு. மேளச்சத்தம் நிறைந்த கல்யாண மண்டபம் இவர்களுக்குக் கடுமையான இடம். பந்தியில் இடக்கையால் சாப்பிட வேண்டிய கூச்சமும், தண்ணீர் குடித்தால் புரையேறிவிடுமோ என்ற அச்சமும் சேர்ந்து பலரை விசேஷங்களுக்கே போகாமல் செய்துவிடுகின்றன.

முதல் சில வாரங்கள் பார்க்க வருவோர் கூட்டம் இருக்கும், பிறகு குறையும். வருபவர்களும் மனைவியைப் பார்த்து, “சாப்பிடறாரா? தூங்கறாரா?” என்று கேட்டுவிட்டுக் கிளம்புகிறார்கள். எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு எல்லாம் கேட்கிறது.

வெளியாட்களின் துணை எவ்வளவு செய்ய முடியும் என்பதற்குப் புகழ்பெற்ற சான்று, அமெரிக்க நடிகை பெட்ரீஷியா நீல். ‘ஹட்’ படத்துக்காக 1964இல் ஆஸ்கர் பெற்ற அவருக்கு, 1965 பிப்ரவரியில், 39 வயதில், கருவுற்றிருந்தபோது மூளை இரத்தக் குழாய்கள் வெடித்தன. சுமார் மூன்று வாரம் நினைவின்றிக் கிடந்தார். விழித்தபோது வலப்பக்கம் வேலை செய்யவில்லை, பேச்சும் இல்லை. அந்த ஆகஸ்டில் குழந்தை நலமாகப் பிறந்தது. அவருடைய கணவர், எழுத்தாளர் ரோல்ட் டால், இங்கிலாந்தின் கிரேட் மிஸ்ஸெண்டன் கிராமத்தில் அக்கம்பக்கத்தாரை முறைவைத்து வரவழைத்தார். அவர்கள் நாள்தோறும் பல மணி நேரம் நீலுடன் உட்கார்ந்து படித்தார்கள், எழுதவைத்தார்கள், பேசினார்கள். இந்தப் பயிற்சியில் டால் காட்டிய கண்டிப்பு மிகையானது என்ற குறை அப்போதும் பிறகும் சொல்லப்பட்டது. அதில் நியாயம் உண்டு. ஆனால் வீட்டுக் கதவைத் திறந்து ஊரை உள்ளே அழைத்த யோசனை சரியானது. வந்தவர்களில் வாலரி ஈட்டன் கிரிஃபித், பேச்சு சிகிச்சையில் எந்தப் பயிற்சியும் இல்லாதவர். அவர் துணையோடு தயார் செய்துகொண்டு, 1967 மார்ச்சில் நியூயார்க் விழா ஒன்றில் நீல் மேடையேறிப் பேசினார். அடுத்த ஆண்டு வெளிவந்த ‘தி சப்ஜெக்ட் வாஸ் ரோஸஸ்’ படம் அவருக்கு மீண்டும் ஆஸ்கர் பரிந்துரை பெற்றுத் தந்தது. வசனத்தை மனத்தில் நிறுத்துவது அவருக்குப் பிறகும் சிரமமாகவே இருந்தது.

கிரிஃபித் அந்த அனுபவத்தை 1970இல் நூலாக எழுதினார். தன்னார்வலர்கள் பேச்சிழந்தவர்களின் வீடுகளுக்குச் செல்லும் திட்டம் 1970களில் பிரிட்டனில் அவர் முயற்சியால் தொடங்கியது. நீல் வளர்ந்த நாக்ஸ்வில் நகரில் 1978இல் அவர் பெயரில் மறுவாழ்வு மையம் திறக்கப்பட்டது.

கனடாவின் டொரான்டோவில் ஆரா கேகனும் சகாக்களும் வெளியாட்களின் துணை என்ன செய்யும் என்பதை முறையாகச் சோதித்து 2001இல் முடிவை வெளியிட்டார்கள். தன்னார்வலர் 40 பேரில் பாதிப்பேருக்கு மட்டும், பேச்சிழந்தவரோடு உரையாடப் பயிற்சி தரப்பட்டது. பயிற்சி பெற்றவரோடு பேசியபோது, எந்தப் பயிற்சியும் பெறாத நோயாளிகளே கூடுதலாகக் கருத்தைப் பரிமாறிக்கொண்டார்கள். முறை எளியது: “உங்களுக்குத் தெரியும் என்பது எனக்குத் தெரியும்” என்று வாய்விட்டுச் சொல்வது, முக்கியமான சொல்லைத் தாளில் பெரிதாக எழுதிக் காட்டுவது, ஆம், இல்லை என்று பதில் வரும்படி கேட்பது, படம் வரைவது, புரிந்துகொண்டதைத் திருப்பிச் சொல்லிச் சரிபார்ப்பது.

இந்தியாவில் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், நிரந்தரப் பேச்சிழப்பையும் மாற்றுத்திறன்களில் ஒன்றாகப் பெயர் சொல்லியே ஏற்கிறது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி செய்யும் ஏற்பாடு உண்டு. இவை இரண்டும் தேவையானவை. ஆனால் பழைய நண்பரை வீட்டுத் திண்ணைக்கு இவற்றால் அழைத்துவர முடியாது.

வெளியே போகத் தொடங்கும்போது ஒரு நண்பர், அமைதியான இடம், அரை மணி நேரம் என்று சிறிதாகத் தொடங்குவது நல்லது. கல்யாணமென்றால் கூட்டம் சேருமுன் போய், ஓரமாக ஓர் இருக்கை கேட்டுக்கொண்டு, அசதி தட்டியதும் திரும்பிவிடலாம். பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: கேள்வியை அவரிடமே கேளுங்கள், பதில் வரும்வரை காத்திருங்கள், அடுத்த வாரமும் போங்கள்.